கேள்வியைப் படிக்காத பதில்

போன மாதம் ஒரு இரவு. பதினொன்றே முக்கால் இருக்கும். எங்கள் குழுவில் ஒரு அம்மா பதிவு போட்டிருந்தார். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று வேண்டாத ஃபோல்டர்களை அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். மகன் பிறந்த நாளிலிருந்து இரண்டு வயது வரை எடுத்த படங்கள் இருந்த ஃபோல்டரும் அதோடு சேர்ந்து போய்விட்டது. ஷிஃப்ட் பிடித்து டெலிட் செய்ததால் ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. வேறெங்கும் நகல் கிடையாது. "யாராவது உதவுங்கள், கை நடுங்குகிறது" என்று முடித்திருந்தார்.

நான் அந்தக் குழுவின் அட்மின்களில் ஒருத்தி. அழிந்துபோன கோப்புகளை மீட்பது, பேக்கப் எடுப்பது, சாகக் கிடக்கிற ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது, இதுதான் அங்கே பேச்சு. அந்த நேரத்தில் நான் தூங்கிவிட்டேன். மற்ற அட்மின்களும் அப்படித்தான். ஒரே ஒருவர் மட்டும் பதினோரு நிமிடத்தில் பதில் போட்டிருந்தார்.

"எனக்கும் இதே நிலைமைதான் வந்தது. கல்யாண போட்டோக்கள் மொத்தமும் போய்விட்டன. மூன்று சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன், எதுவும் சரிவரவில்லை. கடைசியில் நண்பர் ஒருவர் சொல்லி இதை இன்ஸ்டால் செய்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கவலையே படாதீர்கள்." கீழே ஒரு லிங்க்.

காலையில் நான் பார்த்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அந்த அம்மா அதை இறக்கி, அதே லேப்டாப்பில், அதே டிரைவில் இன்ஸ்டால் செய்திருந்தார். ஸ்கேன் இலவசம். படங்களின் பட்டியல் வரிசையாக வந்திருக்கிறது. சேமிக்க வேண்டும் என்றால் பணம் கட்டச் சொன்னது, கட்டியிருக்கிறார். மீட்ட படங்களையும் அதே டிரைவிலேயே சேமித்திருக்கிறார். எங்கே சேமிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

வந்த படங்களில் ஒன்றை எனக்கு அனுப்பினார். குழந்தையின் நெற்றி, புருவம், இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அப்படித்தான் பெரும்பாலான படங்கள் வந்திருந்தன. சிலது திறக்கவே இல்லை.

ஏன் அப்படி ஆனது என்று சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழிக்கும்போது உள்ளே இருப்பது உடனே போய்விடுவதில்லை. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு 'வீடு காலி' என்று எழுதி மாட்டுகிற மாதிரிதான். உள்ளே குடியிருந்தவர் அப்படியே இருக்கிறார். புதிதாக யாராவது சாமான் சட்டியோடு வந்து இறங்கினால்தான் அவர் போவார். அந்த டிரைவில் இன்ஸ்டால் செய்கிற மென்பொருளும், அதிலேயே சேமிக்கிற மீட்ட படங்களும்தான் அந்தப் புதுக் குடித்தனம். முதல் ஐந்நூறு படங்களை மீட்டுச் சேமித்தபோது, இன்னும் மீட்காத அடுத்த படங்களின் மேல் அவை எழுதப்பட்டிருக்கும். ஜேபெக், அதாவது போட்டோக்கள் வழக்கமாகச் சேமிக்கப்படும் வடிவம், பெரும்பாலும் மேலிருந்து கீழாக வரிசையாகப் பதிவாவது. பாதியில் வேறொன்று மேலே எழுதப்பட்டால் மேல் பாதி மட்டும் தெரியும். அந்தச் சாம்பல் நிறத்துக்கு அதுதான் அர்த்தம்.

ஆறு வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் பதறிக்கொண்டு அந்தக் குழுவுக்குள் வந்தேன். எனக்கு முதலில் பதில் போட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது. "முதலில் கம்ப்யூட்டரை ஆஃப் செய்யுங்கள். அப்புறம் பேசலாம். டிரைவ் ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?" அவ்வளவுதான் எழுதியிருந்தார். எந்த மென்பொருளின் பெயரும் இல்லை. (எஸ்எஸ்டி என்பது சுழலும் வட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கிற டிரைவ்.) என் கோப்புகள் ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வந்தது அந்த இரண்டு வரியால்தான். அந்த அம்மாவுக்கும் அந்த இரண்டு வரி கிடைத்திருக்க வேண்டும்.

சரி, அந்தப் பதில் போட்ட கணக்கைத் திறந்து பார்த்தேன். தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதற்குள் நான்கு பதில்கள், நான்கிலும் அதே மென்பொருள். ஒருவர் தன் ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வருவதாக எழுதியிருந்தார். அப்படிச் சத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே வட்டைப் படிக்கிற முனையான ஹெட் கெட்டுவிட்டது என்று பொருள். ஓட ஓட வட்டின் பரப்பில் கீறல் விழும். உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்கும் ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அவருக்கும் அதே லிங்க், 'முழு ஸ்கேன் போடுங்கள்' என்ற யோசனையோடு. இன்னொருவரின் போன் தண்ணீரில் விழுந்திருந்தது. அவருக்கும் அதே லிங்க். அந்த மென்பொருள் போனுக்கானதே இல்லை.

நான்கு பதில்களிலும் கதை மட்டும் மாறியிருந்தது. ஓரிடத்தில் கல்யாணப் படங்கள், ஓரிடத்தில் ஆய்வேடு. ஓரிடத்தில் அப்பா கடைசியாகப் பேசிய வீடியோ. விற்பனைக்காக அந்த வரியை எழுத ஒரு ஆளுக்குக் கை வந்திருக்கிறதே என்பது இன்னும் எனக்கு ஆறவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். பிடுங்குகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வாளியோடு வந்து நிற்கிறார் என்பதுதான் இதில் கொடுமை.

அன்றிலிருந்து நானும் இன்னொரு அட்மினும் சேர்ந்து பழைய இழைகளை, அதாவது ஒவ்வொரு கேள்வியையும் அதன் கீழ் வந்த பதில்களையும், ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்று வாரம் ஆனது. பார்க்கப் பார்க்க அவர்கள் வேலை செய்கிற விதம் புரிந்தது.

கேள்வியும் பதிலும் ஒரே இடத்திலிருந்து வருவது ரொம்பப் பழைய வழி. ஒரு கணக்கு அப்பாவியாகக் கேட்கும், இன்னொன்று சொல்லும், மூன்றாவது வந்து 'நன்றி, வேலை செய்தது' என்று எழுதும். மூன்றும் எழுத்துப்பிழை உட்பட ஒரே நடையில் இருந்த ஒரு இழையைக் கண்டுபிடித்தோம். இதையாவது பிடித்துவிடலாம். கடினமானது, நல்ல பதிலாகவே போட்டுவிட்டுப் பல வாரம் கழித்துத் திருத்துவது. முதலில் லிங்க் இருக்காது, யோசனையும் சரியாகவே இருக்கும், நாங்களே லைக் போட்டிருப்போம். எல்லோரும் மறந்த பிறகு நடுவில் ஒரு வாக்கியம் சேர்க்கப்படும். என் லைக் விழுந்த ஒரு பதிலிலேயே அப்படி ஒன்று இருந்தது. நான் கைகாட்டியதை நம்பி எத்தனை பேர் அதை இறக்கினார்களோ தெரியாது.

அப்புறம் அந்தச் 'சின்னக் குறை'. முழுக்கப் புகழ்ந்தால் சந்தேகம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் "இடைமுகம் கொஞ்சம் பழசாக இருக்கிறது, மற்றபடி..." என்று எழுதுவார்கள். உண்மையாகவே பயன்படுத்தியவர் சொல்கிற குறை அப்படி இருக்காது. "கோப்புகளின் பெயர் எல்லாம் போய்விட்டது, எண்களாக வந்தது, தேதிவாரியாகப் பிரிக்க எனக்கு நான்கு நாள் ஆனது" என்பார். அவருடைய நான்கு நாள் அதில் இருக்கும். விற்கிறவரின் குறை யாருக்கும் நேரம் செலவு வைக்காது.

ஐந்து மென்பொருளை ஒப்பிட்டு எழுதுவதும் உண்டு. நான்கு எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள், நடுவில் ஒன்று தெரியாத பெயர். தெரிந்த பெயர்களின் மரியாதை தெரியாததற்கும் ஒட்டிக்கொள்ளும். மூன்று வருடம் முன் முடிந்துபோன இழையைத் தோண்டி எடுத்து அடியில் ஒரு பதில் போடுவதும் இதே வகை. கேட்டவர் எப்போதோ போய்விட்டார். அந்தப் பதில் அவருக்காக எழுதப்பட்டதே இல்லை, தேடல் வழியாக நாளை வரப்போகிறவருக்காக எழுதப்பட்டது.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் சின்னக் குழுவுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று விளங்கியது. விளம்பரம் என்றால் மக்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சக மனிதர் சொன்னது என்றால் படிக்கிறார்கள். தேடுபொறிகளும் அப்படித்தான் ஆகிவிட்டன. 2005-ல் கூகுள் 'நோஃபாலோ' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது, கண்ட இடத்தில் ஒட்டுகிற லிங்க்குகளுக்குத் தேடலில் மதிப்புக் கிடைக்காமல் இருக்க. அதோடு லிங்க் ஒட்டுகிற தொழில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, லிங்க் இல்லாமலே பெயரை விதைக்கக் கற்றுக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் மக்கள் பேசிக்கொள்வதைப் பயன்படுத்த கூகுள் ஒப்பந்தம் போட்டது, மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ போட்டது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதற்கு அவ்வளவு மதிப்பு வந்துவிட்டது. அந்த மதிப்பு கூடக் கூட, மனிதர் மாதிரி நடிப்பதற்கான கூலியும் கூடுகிறது.

இது புது வியாதி இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்றே ஒரு பெயர் உண்டு. அது ஒரு செயற்கைப் புல்லின் பெயர். 1985-ல் அமெரிக்க செனட்டர் லாய்ட் பென்ட்சன், தனக்குப் பொதுமக்கள் எழுதியதாக வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து, இது மண்ணில் வேர்விட்ட புல் இல்லை, செயற்கைப் புல் என்று சொன்னதிலிருந்து அந்தச் சொல் நிலைத்தது. மென்பொருள் உலகத்தில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது ரிவெர்ப் கம்யூனிகேஷன்ஸ் என்ற விளம்பர நிறுவனத்தின் வழக்கு. 2008 நவம்பரிலிருந்து 2009 மே வரை அதன் ஊழியர்கள் ஐட்யூன்ஸ் கடையில் தங்கள் வாடிக்கையாளர்களின் கேம்களைப் பற்றிச் சாதாரணப் பயனர்கள் போல விமர்சனம் எழுதினார்கள் என்று அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2010 ஆகஸ்டில் அந்த விமர்சனங்களை நீக்கச் சம்மதித்து நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அவர்களுடைய கட்டணத்திலேயே பல நேரம் விற்பனையில் ஒரு பங்கு அடங்கியிருந்ததாம். படிக்கிறவருக்கு அது தெரிந்திருந்தால் அந்த நட்சத்திரங்களை எப்படிப் பார்த்திருப்பார்!

பெரிய நிறுவனங்களும் இதைச் செய்திருக்கின்றன. 2013-ல் தைவானின் வணிக ஆணையம் சாம்சங்குக்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம் போட்டது. கூலிக்கு ஆள் வைத்து விவாதக் குழுக்களில் தன் போன்களைப் புகழவும் எச்டிசி போன்களைக் குறை சொல்லவும் வைத்ததற்காக. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் வருட விதிகளில், வியாபாரி தன்னை நுகர்வோர் போலக் காட்டிக்கொள்வது எந்தச் சூழ்நிலையிலும் தவறு என்கிற பட்டியலிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் போலி விமர்சனங்களுக்கு எதிரான விதி 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டங்கள் இருப்பது எனக்கு ஆறுதல்தான். ஆனால் நள்ளிரவில் ஒன்பது நாள் வயதான ஒரு கணக்கு பதில் போடும்போது அந்தச் சட்டம் எதுவும் எங்கள் குழுவில் விழித்திருக்கவில்லை.

"புதுக் கணக்குகளைத் தடுத்துவிடலாமே?" என்று குழுவில் பலர் கேட்டார்கள். அது போதாது. பழைய கணக்குகள் விலைக்கே கிடைக்கின்றன. பொறுமையாக வளர்க்கப்படுகிற கணக்குகளும் உண்டு. விளம்பரம் சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும், எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளுக்கு நடந்ததை நான் மறப்பதில்லை. 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். நடுவில் 2022-ல் முன்பின் தெரியாத சில பெயர்கள் வந்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரை 'பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள்' என்று நச்சரித்தன. கடைசியில் அந்த மென்பொருளுக்குள் கள்ளவாசல், அதாவது அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைய ஒரு ரகசிய வழி, வைக்கப்பட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் 2024 மார்ச் 29 அன்று அது வெளிவந்தது. நச்சரித்த அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை யாரும் காட்டவில்லை. ஒருவர் எத்தனை நாளாக இருக்கிறார் என்பதை வைத்து அவர் யார் என்று முடிவுகட்ட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தான் செய்த பொருளைத் தானே சொல்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் குழுவிலேயே ரிகவரி சாஃப்ட்வேர் எழுதி விற்கிற ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு பதிலிலும் முதல் வரியே "இதை எழுதியவன் நான், விற்பவனும் நானே" என்றுதான் இருக்கும். ஒருமுறை ஒருவர் அவரிடம் நேரடியாகவே கேட்டார்: "உங்கள் சாஃப்ட்வேரை வாங்கினால் என் கோப்புகள் வந்துவிடுமா சார்?" இவர் திருப்பிக் கேட்டார், என்ன டிரைவ் என்று. எஸ்எஸ்டி, அழித்து நான்கு நாள், தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. "வாங்காதீர்கள்" என்று எழுதினார். எஸ்எஸ்டியில் கோப்பை அழித்ததும் இயங்குதளம் 'டிரிம்' என்ற கட்டளையை அனுப்பிவிடும், அதன்பிறகு பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் அந்த இடத்தைப் படித்தால் வெறும் பூஜ்யம்தான் வரும், எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினார். கிளவுடில் தானாக ஏதாவது நகல் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கையில் வந்த விற்பனையை வேண்டாம் என்று சொன்ன அந்தப் பதிலை நான் குழுவின் மேலே பின் செய்து வைத்திருக்கிறேன்.

அதிலிருந்துதான் இப்போதைய விதி பிறந்தது. முதல் பதிலில் யாரும் எந்த மென்பொருளின் பெயரையும் சொல்லக் கூடாது. மூன்று விஷயம் கேட்டாக வேண்டும்: எந்தச் சாதனம், என்ன நடந்தது, அதன்பிறகு அதில் என்ன செய்தீர்கள். போன் படம் என்றால், சமீபத்தில் அழித்தவை இருக்கிற பகுதியைப் பார்த்தாயிற்றா என்றும். ஐபோனில் அங்கே 30 நாள் இருக்கும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் இருக்கும். பாதிப் பேருடைய அழுகை இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

கேள்வி கேட்பது ஒளிந்து விற்கிறவருக்குக் கட்டுப்படியாகாது. பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்த பதில் 'உன் சரக்கு இங்கே செல்லாது' என்று சொல்லிவிடக்கூடும். இந்த விதி வந்தபிறகு அந்த மாதிரிப் பதில்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பெயர் சொல்லலாம். நானும் சொல்வேன். நான் அடிக்கடி சொல்வது ஃபோட்டோரெக், கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவசத் திறமூல மென்பொருள், அதன் நிரலை யாரும் பார்க்கலாம். கோப்பின் பெயரைத் தேடாமல் உள்ளடக்கத்தின் தொடக்கத்தைப் பார்த்து அது கண்டுபிடிக்கும். ஜேபெக் என்றால் 255, 216, 255 என்ற எண்களில் ஆரம்பிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போகும். மீட்டதை வேறொரு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். எனக்கும் அதை எழுதியவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஒரு காசும் வாங்கியதில்லை. இந்த வரியை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது, இதை எழுதாத பதிலைப் படித்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த விதி வருவதற்கு முன், அந்த மூன்று வார வேட்டையில் நான் ஒருவரைத் தவறாகப் பிடித்தேன். புதுக் கணக்கு, ஒரே மென்பொருளைப் பற்றி இரண்டு பதிவுகள், இரண்டிலும் ஒரே மகிழ்ச்சி. எல்லோருக்கும் முன்னால் "எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று எழுதிவிட்டேன். அவர் பதிலுக்குத் தன் ஸ்கிரீன்ஷாட்களைப் போட்டார். உடைந்த பென் டிரைவ், அதன் ஸ்கேன், மீண்ட கோப்புகளின் பட்டியல். அவருடைய மகளின் பள்ளிக் கட்டுரைகள். உண்மையிலேயே மீண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். அன்று மாலையே குழுவைவிட்டுப் போய்விட்டார்.

முன்பெல்லாம் ஒரு நல்ல அனுபவத்தைச் சொன்னால் அது நல்ல அனுபவம்தான். இப்போது, சொன்னவர் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒளிந்து விற்கிறவர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் அந்த வரியை எழுதியது அவர்கள் இல்லை, நான்.

தனிச்செய்தியில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. அவருடைய இரண்டு பதிவுகளும் குழுவில் அப்படியே இருக்கின்றன. என் கேள்வியையும் நான் அழிக்கவில்லை. அதன் கீழேயே, நான் சொன்னது தவறு, இவர் சொன்னது உண்மை என்று என் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன்.